துரை வீட்டுப் பூ ஜாடி

6.11.2006, திங்கள்

காலையிலிருந்து தூறல். மாடிக் கொடியில் போட்ட துணியை எடுத்து வந்து ஜன்னல் கம்பியில் போட்டேன். முட்டி வலி தேவலை.

பால்காரம்மா, "அவ்வா, ரேப்பு ரானு" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனாள். நாளைக்கு வரமாட்டாள். பாக்கெட் பால் வாங்கச் சொல்லணும்.

பதினொரு மணிக்குக் கோவிந்தன் வந்தான். சாமல்பட்டி மாதுவின் மகன். மாது, அதாவது மாதம்மாள், என் வீட்டுக்காரரின் தங்கை. கோவிந்தன் பையனுக்குக் கல்யாணம், 26ந் தேதி ஞாயிறு. பத்திரிகை, வெற்றிலை பாக்கு, ஆறு ஆரஞ்சு. எட்டு வருஷம் கழித்து அந்த வீட்டு ஆள் ஓசூரில் இந்த வாசலை மிதிக்கிறான். காபி கொடுத்தேன். சர்க்கரை கம்மியாகக் கேட்டான். இந்த வயசிலேயே சர்க்கரை வியாதியாம்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அத்தே, அம்மா ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு. ஜாடியோட வந்தா வரச் சொல்லு, இல்லாட்டி அங்கயே இருக்கச் சொல்லுன்னுச்சு. நான் சொல்லல, அது சொல்லுச்சு."

கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஜாடி என்றால் கூடத்து ஷோகேசில் இருப்பது. முழங்கை உயரம். வெள்ளைப் பீங்கான், நீலமும் சிவப்புமாய்ப் பூ, நீளக் கால் பறவை இரண்டு, கழுத்தில் தங்கக் கோடு (இப்போது பாதிதான்). பித்தளை மூடி. மூடியின் உள்பக்கம் எங்கம்மா பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்: க. ராக்கம்மா.

எங்கள் தாத்தா மத்திகிரி குதிரைப் பண்ணையில் ஒரு துரையிடம் வேலை. துரை சீமைக்குப் போகும்போது தாத்தாவுக்கு ஒரு பூ ஜாடி கொடுத்தார். அம்மா சின்ன வயசில் எனக்கு எத்தனையோ தடவை சொன்ன கதை. என் கல்யாணத்தின்போது சீர் சாமானெல்லாம் வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டி வண்டியில் வந்தது. மாமியார் சாக்கைப் பிரிக்கக்கூட இல்லை, நேரே பரண் மேல் ஏற்றிவிட்டார். என்னென்ன வந்தது என்று எனக்கே தெரியாது. 71ல் மாமியார் போன பிறகு பரணை இறக்கினோம். கரி படிந்த இந்த ஜாடி. மூடியைத் திருப்பினால் அம்மா பேர். அப்போது அம்மாவும் இல்லை, கேட்பதற்கு. கேட்க என்ன இருக்கிறது, பேர்தான் இருக்கிறதே. அடியில் சிவப்பாகத் துரையின் முத்திரை வேறு.

நூறு வருஷம் இருக்கும். பேத்தி நித்யா கல்யாணத்துக்கு நான் கொடுக்கப்போவது இதுதான். சேலத்தில் இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். இரண்டு குடும்பத்திலும் முதல் இஞ்சினியர் அவள், பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாது என்ன சொல்கிறாள் என்றால், அவள் பெரிய மனுஷியானபோது அவள் அப்பா, என் மாமனார், பெங்களூரிலிருந்து அவளுக்கு வாங்கி வந்ததாம்.

எழுதினால் மனசு ஆறும் என்பார்கள். ஆறவில்லை.

7.11 செவ்வாய்

நல்ல வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது.

மருமகள் வசந்தி தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பேச்சும் அப்படித்தான், கத்தரித்த மாதிரி.

"குடுத்துட்டு, நல்லா சாப்ட்டுட்டு வாங்கத்தே. ஒரு ஜாடிதான?"

"ஒரு ஜாடியா? எங்கம்மா சீரு அது."

"சரி, சீரு. அதுல என்ன ஊறுகாயா போட்டு வெச்சிருக்கோம்? தூசி தொடைக்கிறது நானு."

கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஓடினாள். தூசி துடைப்பது அவள்தான், ஒத்துக்கொள்கிறேன். பொங்கலுக்குப் பொங்கல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது யார்? நான்.

ஒரு முடிவு பண்ணினேன். தெரிந்த ஆளை வைத்து ஜாடிக்கு வயசு பார்க்கணும். இன்ன காலத்துச் சாமான் என்று காகிதத்தில் எழுதி வாங்கணும். கல்யாணத்துக்கு அந்தக் காகிதத்தோடு போவேன், ஜாடி இல்லாமல். மாது முகத்துக்கு நேரே நீட்டுவேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கோவிந்தன் படித்துக் காட்டட்டும்.

9.11 வியாழன்

பனி. எதிர் வீடு தெரியவில்லை. கம்பெனி பஸ்ஸெல்லாம் எட்டு மணிக்கும் லைட் போட்டுக்கொண்டு போயின.

வாங்க வேண்டியது:
தேங்காய் 2
கட்டிப் பெருங்காயம்
முட்டித் தைலம் (பச்சை மூடி. சிவப்பு மூடி எரிகிறது)
பச்சைப் புடவைக்கு ஃபால்ஸ்

மாடியில் குடியிருக்கிற கல்யாணியிடம் பேசினேன். விருத்தாசலத்துக்காரி. வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் வெல்டிங். அவள் ஊரில் பீங்கான் கம்பெனியில் பதினாறு வருஷம் கப்புக்கும் சாசருக்கும் பூ ஒட்டினவளாம். எனக்கு இன்றுதான் தெரியும். இதுவரை தண்ணி மோட்டாரைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறோம்.

"பீங்கானா? யக்கா, அது எனக்குச் சோறு போட்டது. ஞாயித்துக்கெழம வாரேன்."

"வயசு சொல்லுவியா?"

"சாமான் வயசு சொல்லுவேன். ஒங்க வயச கேக்காதீங்க, அப்பறம் எனக்கும் ஒங்களுக்கும் சண்ட வந்துரும்."

நல்ல பெண். வாய்தான் கொஞ்சம்.

எட்டு வருஷம் முன்னால் நடந்ததையும் எழுதி வைக்கிறேன். என் வீட்டுக்காரர் போன பதினாறாம் நாள். பந்தி முடிகிற நேரம். கூடத்தில் எல்லோர் முன்னாலும் மாது கேட்டாள்: "அண்ணி, அண்ணனே போயிருச்சு. இனி எஞ்சாடிய எனக்குக் குடுத்துரு. நாம சொதந்திரம் வாங்கி மூணாம் வருசம் எங்கப்பன் வாங்கியாந்தது. உள்ள கைய வுட்டுப் பாரு, கழுத்துக்குக் கீழ ஒரு கட்டி இருக்கும். சின்னப்புள்ளையில தடவித் தடவிப் பாப்பேன்."

நான் கையை விட்டுப் பார்க்கவில்லை. களை வெட்டின கை, அந்தக் கழுத்துக்குள் போகாது. மூடியைத் திருப்பி அம்மா பேரைக் காட்டினேன். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

மாது செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனவள். அதோடு சரி.

12.11 ஞாயிறு

கல்யாணி பத்து மணிக்கு வந்தாள். குளித்து, பூ வைத்துக்கொண்டு. போர்வையை நாலாக மடித்து விரிக்கச் சொன்னாள், அதன் மேல் ஜாடி. மோதிரம் வளையல் எல்லாம் கழற்றி வைத்த பிறகுதான் தொட்டாள். எனக்கு அது பிடித்தது.

முதலில் விரலை மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். ணங் என்றது. "கீறல் இல்ல. நல்ல சூடு பாத்த மண்ணு."

டார்ச்சை உள்ளே விட்டு அடித்தாள். வெளியே இளமஞ்சளாக வெளிச்சம் கசிந்தது, பறவையின் வயிறு வழியாக. முப்பத்தைந்து வருஷமாக வைத்திருக்கிறேன், ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை. வசந்தி கூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

அப்புறம் பூவை நகத்தால் தடவினாள்.

"கறுப்புக் கோடு மட்டும் அச்சு. உள்ள கலரு கையால ரொப்புனது. இந்தா, ரெக்கையில செவப்பு கோட்டத் தாண்டி ஓடியிருக்குது பாருங்க. வேல செஞ்சவ புதுசு போல. மொத வாரம் நானும் அப்பிடித்தான், மேஸ்திரி தலையிலயே குட்டுவாரு."

அந்தச் சிவப்பை நானும் பார்த்திருக்கிறேன். துரை வீட்டுச் சாமானில் தப்பு வராது, நிழலுக்காகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

"தங்கம் ஏன் பாதி போச்சு?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"புளியும் சாம்பலுமா! யக்கா, பித்தளச் சொம்பா இது? தங்கத்த மேலாகப் பூசி லேசா சூடு காட்டியிருப்பான். முப்பத்தஞ்சு பொங்கலு! தங்கத்த ஒங்க கையாலயே தேச்சுச் சாக்கடையில வுட்டுருக்கீங்க."

"சுத்தமா இருக்கணும்னுதான்."

"சாக்கட சுத்தமாத்தான் இருக்கும், தங்கச் சாக்கட."

வசந்தி சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்தது மூடி. கல்யாணி இப்படியும் அப்படியும் ஆட்டினாள். மூடியின் உள் விளிம்பில் துணிநாடா சுற்றியிருக்கிறது, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய். அது அம்மா சுற்றினது என்றுதான் இருந்தேன். என் விரலைப் பிடித்து ஜாடியின் வாய் விளிம்பில் ஒரு சுற்று சுற்றி வந்தாள். சொரசொர என்றது. மற்ற இடமெல்லாம் வழவழ.

"இங்க மட்டும் மெருகு இல்ல. பீங்கான் மூடிய மேல வெச்சு ரெண்டையும் ஒண்ணாச் சூளையில வுடுவாங்க. மெருகு இருந்தா ஒட்டிக்கும்னு தொடச்சுருவாங்க. இதுக்குப் பீங்கான் மூடி இருந்துருக்குது. இந்தப் பித்தள மூடி வேற எதுக்கோ செஞ்சது, அதான் நாடா சுத்தி இறுக்கியிருக்காங்க."

"துரை வீட்டுலயே ஒடஞ்சிருக்கும்."

"இருக்கும்" என்றாள்.

அப்புறம் அவள் கையை உள்ளே விட்டாள். ஒல்லிக் கை, முழங்கை வரை போனது. கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள்.

"கழுத்துக்குக் கீழ ஒரு கட்டி கெடக்குது. சூளையில துணுக்கு வுழுந்து ஒட்டிக்கினது. பரவால்ல, வெளிய தெரியாது."

காபி போட எழுந்து போனேன். கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன் போலிருக்கிறது. வசந்தி வந்து, "அத்தே, கேஸு தொறந்திருக்கு, பத்த வெக்கலயா" என்றாள்.

அடிப்பாகத்தைச் சோப்புத் தண்ணியில் பஞ்சு நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள் கல்யாணி. பரண் கரி, எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு கிண்ணம் கறுப்புத் தண்ணி. இத்தனை நாள் ஒரு வரிதான் தெரியும், எம் ஏ டி இ ஐ என். அதைத்தான் துரை பேர் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது மூன்று வரி. நடு வரி நீளம். கடைசி வரியை வசந்தி படித்தாள்.

"ஜப்பான்னு போட்டிருக்குத்தே."

துரை ஜப்பானில் வாங்கியிருக்கலாம். கப்பலில்தானே வருவார்கள் போவார்கள். அதையும் சொன்னேன். கல்யாணி வளையலை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

13.11 திங்கள்

மழை இல்லை. முள்ளங்கி சாம்பார்.

மூன்று வரியையும் முருகேசன் (மகன்) காகிதத்தில் பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு போனான். அவன் கம்பெனியில் புது மெஷின் பூட்ட ஜப்பான்காரர் ஒருத்தர் வந்திருக்கிறாராம். வயசானவர். கேட்டுப் பார்க்கிறேன் என்றான். நடு வரி யாருக்கும் விளங்கவில்லை. எட்டு எழுத்தும் எண்ணி வைத்திருக்கிறேன்: ஓ, சி, சி, யு, பி, ஐ, இ, டி.

17.11 வெள்ளி

கார்த்திகை ஒன்று. வாசலில் இரண்டு விளக்கு. காற்றில் நிற்கவில்லை, ஒன்று.

முருகேசன் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து சொன்னான்.

"அந்தாளு காயிதத்தப் பாத்ததும் சிரிச்சாரும்மா. கூட இருந்த மொழிபெயர்க்கிற பொண்ணுதான் கேட்டுச் சொல்லுச்சு. பெரிய சண்டையில தோத்தப்பறம் அமெரிக்காக்காரன் அவங்க நாட்டப் புடிச்சு வெச்சிருந்தானாம். அந்த ஏழு வருசம் வெளிநாட்டுக்குப் போன சாமான்லதான் இந்த எழுத்து இருக்குமாம். பிடிபட்ட ஜப்பான்னு அர்த்தம். நாப்பத்தஞ்சுலருந்து அம்பத்திரெண்டு. அதுக்கு மின்னயும் கெடயாது, பின்னயும் கெடயாது."

"நல்லாக் கேட்டியா?"

"மூணு தடவ கேட்டேன். ஒங்களப் பத்தித் தெரியாதா எனக்கு?"

காகிதத்தில் எழுதி வாங்கவும் செய்திருக்கிறான், நான் சொன்னபடி. ஜப்பான் எழுத்தில் ஒரு வரி, கீழே இங்கிலீஷில் வருஷம். நாலாக மடித்து இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

தாத்தாவின் துரை சீமைக்குப் போனது அம்மா கல்யாணத்துக்கு முன்னால். நான் பிறந்தது 38ல்.

19.11 ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். ரேஷன் மண்ணெண்ணெய் வரவில்லை.

துரை கதை போனாலும், அம்மா பின்னால் எங்காவது வாங்கி எனக்குச் சீராக அனுப்பியிருக்கலாமே என்று ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தேன். எங்கே வாங்கியிருப்பாள்? கிருஷ்ணகிரி சந்தையைத் தாண்டிப் போகாதவள். அப்புறம் அந்தக் கட்டி. மாதுவுக்கு எப்படித் தெரியும் அது? சின்னக் கையை விட்டுப் பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

சுதந்திரம் வாங்கி மூன்றாம் வருஷம் என்றால் 50. சரியாக உள்ளே விழுகிறது. படிக்காதவள் சொன்ன வருஷம்.

எங்கம்மா மூடி எந்த ஜாடிக்குச் செய்தது, அந்த ஜாடி என்ன ஆயிற்று, தெரியவில்லை. மாமியார் எடுத்து எதற்கு எதைப் போட்டாரோ. பரண் மேல் நடந்தது பரணுக்குத்தான் தெரியும்.

20.11 திங்கள்

இன்று ஒன்று நினைவுக்கு வந்தது. வந்திருக்க வேண்டாம்.

71ல் ஜாடியை இறக்கிக் கழுவி வைத்த அன்று இவர் பார்த்துவிட்டு, "இது மாதுது மாதிரி இருக்கே" என்றார். நான் மூடியைத் திருப்பி நீட்டினேன். "யார் பேரு போட்டிருக்கு? படிங்க." படித்தார். என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் இருபத்தேழு வருஷம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பதினாறாம் நாள் நான் சொன்ன வார்த்தையையும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் வைத்து என்ன ஆகப்போகிறது. "பேரப் படி. படிக்கத் தெரியாத முண்டத்துக்கு ஜாடி என்னடி ஜாடி?"

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதில் எனக்கு அவ்வளவு திமிர்.

22.11 புதன்

சாரல். கல்யாணி கீரை ஆய உட்கார்ந்தாள். அவளிடம் எல்லாம் சொன்னேன், அந்த வார்த்தையைத் தவிர.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க்கா. வேணும்னா மஞ்சளக் கொழச்சு அடியில அப்பி வுட்டுருங்க. சாமிக்கு வெச்சதுன்னு சொன்னா எவ தொடச்சுப் பாக்கப் போறா?"

நல்லதுக்குத்தான் சொல்கிறாள். நானும் அதை நினைக்காமல் இல்லை. காகிதம் என் டைரிக்குள், முருகேசன் வாய் திறக்கமாட்டான், வசந்திக்கு இது ஒரு ஜாடிதான். யாருக்கும் தெரியாது.

"கீரைத் தண்டு போடட்டுமா வேண்டாமா?" என்றாள்.

"போடு" என்றேன்.

நித்யா போன் பண்ணினாள். பரீட்சையாம், கல்யாணத்துக்கு வரமாட்டாள். "பாட்டி, ஜாடிய பத்திரமா வெய்யி, எனக்குன்னு சொல்லியிருக்க" என்றாள் விளையாட்டாக. உனக்குத் தோடு தருகிறேன் என்றேன். "ஏன், ஜாடிக்கி என்னாச்சு?" நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அதைவிடக் கஷ்டம் ஒன்று இருக்கிறது.

24.11 வெள்ளி

பொட்டலம்: பழைய சுங்குடிப் புடவை இரண்டு சுற்று, அதற்கு மேல் வசந்தி கம்பெனித் துணித்துண்டு, கட்டைப் பை. வசந்திதான் கட்டினாள், நன்றாகக் கட்டினாள். மூடியைத் தனியாக எடுத்து என் பெட்டியில் வைத்துவிட்டேன்.

"சீருன்னு சொன்னீங்களே" என்றாள்.

"எனக்குத் தப்பாத் தெரிஞ்சுது" என்றேன். முதல் தடவை வாய்விட்டுச் சொல்கிறேன். கூரை ஒன்றும் விழவில்லை. வசந்தி இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

மாத்திரை, தைலம், பச்சைப் புடவை, சீப்பு, டைரி.

25.11 சனி. சாமல்பட்டி, சாயங்காலம்

முருகேசனும் வசந்தியும் நாளைக்கு விடிகாலை வருகிறார்கள், இரண்டு பேருக்கும் இன்று ஷிப்ட். நான் மட்டும் காலை பஸ். கிருஷ்ணகிரியில் இறங்கி ஊத்தங்கரை பஸ். மடியில் ஜாடி. கண்டக்டர், "பாட்டி, பேரப்புள்ளைய நல்லாப் போத்தியிருக்கீங்க, மூச்சு விடுதா?" என்றான். பக்கத்து சீட்டுப் பெண் நிஜமாகவே எட்டிப் பார்த்தாள். மத்தூர் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

பந்தலில் ஏழெட்டுப் பெண்கள் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். மாது பிளாஸ்டிக் நாற்காலியில். தலை முழுக்க வெள்ளை. ஒல்லியாகிவிட்டாள், கையில் குச்சி.

"ஜாடி வந்துருச்சா?" என்றாள். என்னைக் கேட்கவில்லை, ஜாடியை.

"மாது, உள்ள வா. ஒரு வார்த்த சொல்லணும்."

"உள்ள எதுக்கு? அன்னிக்கி உள்ளயா சொன்ன? எல எடுக்கறவன் வரைக்கும் கேட்டுச்சு. இங்கயே சொல்லு."

அரிவாள்மணைச் சத்தம் நின்றது. கோவிந்தன் பெண்டாட்டி, "அத்தே, பெரியவங்க இப்பத்தான் வந்துருக்காங்க, தண்ணி குடிக்கட்டும்" என்றாள். "குடிச்சுட்டுச் சொல்லட்டும்" என்றாள் மாது.

தண்ணி வாங்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"இந்த ஜாடி எங்கம்மா குடுத்ததில்ல. எம்மாமனாரு மாதுக்கு வாங்குனது. எனக்குத் தெரியாம எஞ்சீருன்னு சொல்லிட்டேன்."

"தெரியாமயா?"

"ஜாடிய தெரியாமத்தான் சொன்னேன். படிக்கத் தெரியாத முண்டம்னு சொன்னது தெரிஞ்சேதான் சொன்னேன். அதுக்கு நான் என்ன சொன்னாலும் பத்தாது."

ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம், "என்னா ஜாடி, எப்ப?" என்று கேட்டாள்.

"இப்ப எப்பிடித் தெரிஞ்சுதாம்?" மாது.

"அடியில எழுதியிருக்கு."

"படி."

பொட்டலத்தைப் பிரித்து, ஜாடியைச் சாய்த்து, எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

"அர்த்தம் என்னா?"

"எனக்குத் தெரியாது. முருகேசன் ஒருத்தருகிட்டக் கேட்டு வந்து சொன்னான்."

"அப்ப ஒனக்கும் படிக்கத் தெரியாது."

"இதுல தெரியாது."

"கேட்டுக்கோங்கடி" என்றாள் பெண்களைப் பார்த்து. சிரித்தார்கள். கோவிந்தன் பெண்டாட்டி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மாது ஜாடியை மடியில் வாங்கிக்கொண்டாள். குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டாள். வயசாகி இளைத்த கை, சுலபமாகப் போனது. உள்ளே தடவித் தடவிப் பார்த்தாள்.

"இருக்குது" என்றாள்.

அப்புறம், "மூடி?"

"அது எங்கம்மாவுது. ஊட்லயே வெச்சுட்டேன்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் ஓரமாக உட்கார்ந்து பூசணிக்காய் அரிந்தேன். ஒன்றரைக் காய். வேறு பேச்சு இல்லை. படுக்கப் பாய் கொடுத்தது கோவிந்தன் பெண்டாட்டி.

26.11 ஞாயிறு. விடியல்

குளிர். வெந்நீர் அண்டா கொதிக்கிறது. முகூர்த்தம் ஆறரைக்கு. குளித்துப் பச்சைப் புடவை கட்டி, டியூப் லைட் அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொஞ்ச நேரம் முன்னால் மாது வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பீங்கான் மூடிதான் அதுக்கு. மேல குருவி மாதிரி ஒரு புடி. நாந்தான் ஒடச்சேன். வந்த நாலாம் நாளே. அம்மா அடிக்குப் பயந்து அண்ணன் மேல சொல்லிட்டேன். அப்பன் பெல்ட்டாலயே அடிச்சுது, பதினெட்டு வயசுப் பையன. அண்ணன் இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லல."

நான் பேனாவை மூடிவிட்டேன்.

"பதினாறாம் நாளு நீ பித்தள மூடியக் காட்டுன. அதோட மூடி அது இல்ல, பீங்கான் மூடின்னு நான் சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். எப்பிடி ஒடஞ்சுதுன்னு கேப்பாங்க. அண்ணன் படத்துக்கு மின்னால நின்னு எப்பிடிச் சொல்றது?"

"எங்கிட்டயும் அவரு சொல்லல" என்றேன்.

"அது சொல்லாது" என்று எழுந்து போனாள்.

அப்படியென்றால் 71ல் இவர் சிரித்துக்கொண்டே போனது. சொன்னால் மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதானோ. நான் வாயடைத்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் சீர்த்தட்டு வரிசை வைக்கிறார்கள். மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போக ஒற்றைப்படையில் ஆள் வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். நான் எட்டு வருஷமாக எந்தக் கல்யாணத்திலும் தட்டுத் தொட்டதில்லை. பொட்டு இல்லாதவளை யார் கூப்பிடுவார்கள், நானும் போய் நின்றதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

யாரோ ஒருத்தி சொல்கிறாள், "அவங்க எப்பிடிங்க, சுமங்கலிங்கதான தூக்கணும்."

மாது சத்தம்: "எங்கண்ணன் பொண்டாட்டி தூக்காம வேற எவ தூக்குவா? அண்ணி! எழுதுனது போதும், வா. தேங்காத் தட்டு கனம், ரெண்டு கையாலயும் புடி."

போகணும்.